ஓவியன் தெரிகிறான், ஓவியம் தெரிகிறதா?

வான்கோவைப் பற்றிக் கேட்டால், ஒரு ஓவியக் கண்காட்சிக்குக்கூடப் போயிராதவர்களும் தயங்காமல் நாலு விஷயம் சொல்வார்கள். காதை அறுத்துக்கொண்டவர், மனநோயாளி, உயிரோடிருந்தவரை ஒரே ஒரு ஓவியம்தான் விற்றது, கடைசியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் வரைந்த படுக்கையறையில் சுவர் என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். இத்தனைக்கும் அவரைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு வேறெந்த ஓவியரைப் பற்றியும் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். நாவல், வாழ்க்கை வரலாறு, கடிதத் தொகுப்பு, சிறுவர் நூல், படக்கதை என்று எல்லா வடிவிலும் அவர் வந்துவிட்டார். ஓவியர் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார், ஓவியம் பின்தங்கிவிட்டது. கலைஞர்களைப் பற்றிய புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதும்போது நாம் வழக்கமாகக் கேட்பது நடை சரளமாக இருக்கிறதா, விறுவிறுப்பு உண்டா, வரலாற்றோடு ஒத்துப்போகிறதா என்பவைதான். அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் கட்சி. இந்தப் புத்தகத்தைப் படித்த ஒருவர் அந்தப் படைப்பின் முன்னால் போய் நின்றால், படிக்காதவருக்குத் தெரியாத எதையாவது பார்ப்பாரா? பார்ப்பார் என்றால், அது மர்ம நாவலாக இருந்தாலும் நல்ல கலைநூல். இல்லையென்றால், அது ஆயிரம் பக்க ஆராய்ச்சியாக இருந்தாலும் ஏதோ ஒன்று குறைகிறது.

வான்கோவையே எடுத்துக்கொள்வோம். இர்விங் ஸ்டோன் 1934இல் எழுதிய ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ நாவலும், 1956இல் கிர்க் டக்ளஸ் நடித்து வெளிவந்த அதன் திரைவடிவமும்தான் வான்கோவை உலகப் பொதுச்சொத்து ஆக்கின. ஸ்டோன் சோம்பேறி எழுத்தாளர் அல்ல. சுரங்கத் தொழிலாளர்களிடையே வான்கோ வாழ்ந்த நாட்களையும், உருளைக்கிழங்கு தின்னும் விவசாயக் குடும்பத்தை வரைய அவர் பட்ட பாட்டையும் உயிரோடு எழுதியிருக்கிறார். ஆனால் நாவலைப் படித்தவர்களின் மனத்தில் தங்குவது வேதனையின் வரிசை. ஓவியம் அந்த வேதனையிலிருந்து தானாகப் பீறிட்டதுபோல ஒரு எண்ணமும் கூடவே தங்கிவிடுகிறது. அந்த ‘ஒரே ஓவியம்’ கதையும் அப்படிப்பட்டதுதான். 1890இல் ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ என்ற ஓவியத்தை ஆனா பொக் என்ற பெல்ஜிய ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார் என்பது உண்மை. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆம்ஸ்டர்டாமில் ஓவிய வியாபாரியாக இருந்த வான்கோவின் சித்தப்பா ஒருவர் ஹேக் நகரக் காட்சிகளை வரைந்து தரச்சொல்லிப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். இதைச் சொன்னால் சோகம் கொஞ்சம் குறைந்துபோகும். அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

ஸ்டோனுக்கு மூலமாக இருந்தவை வான்கோவின் கடிதங்கள். அவற்றில் பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. தம்பி 1891 தொடக்கத்தில் இறந்துபோக, அவர் மனைவி யோ அவற்றைப் பாதுகாத்து, ஒழுங்குபடுத்தி 1914இல் வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ அருங்காட்சியகம் 2009இல் கொண்டுவந்த முழுப் பதிப்பில் 902 கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் 819 அவர் எழுதியவை. கண்ணீர்க் கதையை எதிர்பார்த்துத் திறப்பவருக்கு இந்தக் கடிதங்கள் வேறு ஒரு மனிதரைக் காட்டும். அவர் கணக்குப் பார்க்கிறார். எத்தனை குழாய் வண்ணம் வேண்டும், எது பெரிய குழாய், எது சின்னது, வெள்ளை எவ்வளவு, குரோம் மஞ்சள் எவ்வளவு, எந்தக் கடைக்காரர் கட்டுப்படியாகும் விலைக்குத் தருவார் என்று தம்பிக்குப் பட்டியல் போடுகிறார். உருளைக்கிழங்கு ஓவியத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க விவசாயிகளின் தலைகளை மட்டும் வரைந்து வரைந்து பழகுகிறார். முகத்துக்குப் போட்ட நிறம் கூடுதலாக வெளுத்துவிட்டதென்று அதன்மேல் திரும்பப் பூசி, மண் ஒட்டிய, தோல் உரிக்காத கிழங்கின் நிறத்துக்குக் கொண்டுவருகிறார். இதைப் படித்த பிறகு அந்த ஓவியத்தைப் பாருங்கள். இருட்டாகவும் அவலட்சணமாகவும் இருக்கிறது என்று முதலில் பட்டதெல்லாம் ஒரு மனிதர் யோசித்து எடுத்த முடிவாகத் தெரியும்.

அந்தப் படுக்கையறைக்கு வருவோம். 1888 அக்டோபரில் அதை வரைந்தபோது, சுவர் வெளிர் ஊதா என்று தம்பிக்கு எழுதுகிறார். கட்டில் புதிய வெண்ணெயின் மஞ்சள், கம்பளி செக்கச் சிவப்பு, ஜன்னல் பச்சை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப்போகிறார். பார்க்கிறவர் மனத்துக்கு ஓய்வு தருவதுதான் நோக்கம் என்றும் சொல்கிறார். இன்று ஆம்ஸ்டர்டாமில் தொங்கும் ஓவியத்தில் சுவர் நீலம். கடிதம் பொய்யா? இல்லை. ஊதாவுக்காக நீலத்தில் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப்பட்டு வெளிறிப்போய்விட்டது. நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. புதிய வண்ணங்கள் நிலைக்காது என்பது அவருக்கே தெரியும். காலம் எப்படியும் மங்கவைக்கும், ஆகவே துணிந்து அழுத்தமாகப் பூசவேண்டும் என்று அதே ஆண்டு எழுதியிருக்கிறார். அவர் பார்த்த அறையில் மஞ்சள் கட்டிலும் ஊதாச் சுவரும் ஒன்றையொன்று நிறுத்திப் பிடித்திருந்தன. நாம் பார்க்கும் அறையில் அந்த எதிரெதிர் ஈடு குலைந்துபோயிருக்கிறது. கலங்கிய மனத்தின் அறை என்று இதைப் பற்றி எழுதியவர்கள், சாயம் வெளுத்ததையும் சேர்த்துத்தான் மனநோய்க் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

துன்பத்தை ஒதுக்கிவிட்டு ஓவியத்தை எப்படிப் புரிந்துகொள்வது, வாழ்க்கைதானே கலையின் ஊற்று என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் வான்கோ விஷயத்தில் சான்று வேறு திசையில் நிற்கிறது. செயின்ட்ரெமி மனநலக் காப்பகத்தில் நோய் முற்றிய நாட்களில் அவரால் தூரிகையைத் தொட முடியவில்லை. அங்கே வரைந்த ஓவியங்களில் மிகப் பெரும்பாலானவை நோய் விட்ட இடைவெளிகளில், தெளிந்த மனத்தோடு வரையப்பட்டவை. நோய் அவரிடமிருந்து வேலைநாட்களைப் பறித்தது. நோய்தான் அவருக்கு மேதைமையைக் கொடுத்தது என்று எழுதுவது அந்த மனிதரின் உழைப்புக்குச் செய்கிற அநியாயம். வாழ்க்கைக் கதை ஓவியத்தை எப்படி மூடுகிறது என்பதை ஜான் பெர்ஜர் 1972இல் வந்த ‘வேஸ் ஆஃப் சீயிங்’ என்ற சிறு நூலில் அழகாக நிரூபித்தார். ஒரு பக்கத்தில் கோதுமை வயலும் மேலே பறக்கும் காகங்களும் உள்ள வான்கோ ஓவியத்தை அச்சிட்டு, சற்று நேரம் பாருங்கள் என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் அதே படம். ஆனால் தற்கொலைக்கு முன் அவர் வரைந்த கடைசி ஓவியம் இது என்று கீழே எழுதியிருக்கிறது. படம் அதேதான், நாம் பார்க்கிற விதம் மாறிவிடுகிறது. காகங்கள் சட்டென்று சகுனமாகிவிடுகின்றன. இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: அது கடைசி ஓவியமே இல்லை. மரவேர்களை வரைந்த, முடிவுபெறாத ஓவியம்தான் கடைசியாக இருக்கவேண்டும் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓவியங்களை மறைப்பதற்கு ஒரு வாழ்க்கைக் கதை உண்மையாக இருக்கவேண்டும் என்றுகூட அவசியமில்லை.

நாவலுக்கு வந்தால் எதிர்ப்பு இன்னும் பலமாக இருக்கும். நாவல் என்ன ஓவியப் பாடநூலா, மனிதர்களைச் சொல்வதுதானே அதன் வேலை? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதனின் எல்லாத் தவறுகளையும் அவன் கலையை முன்னிறுத்தி நியாயப்படுத்தும் நாவல், அந்தக் கலையைக் காட்டக் கடமைப்பட்டது. சாமர்செட் மாமின் ‘தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்’ 1919இல் வந்தது. ஓவியர் கோகானின் வாழ்க்கையைத் தழுவி, பங்குத்தரகு வேலையையும் மனைவி மக்களையும் விட்டுவிட்டு ஓவியனாகிற ஸ்டிரிக்லண்ட் என்பவனின் கதையைச் சொல்கிறது. வாசிக்க வாசிக்கக் கீழே வைக்க முடியாத புத்தகம். ஆனால் கதைசொல்லிக்கு அந்த ஓவியங்கள் பிடிபடுவதில்லை. அவற்றைப் பார்த்துக் குழம்பினேன் என்று அவரே சொல்கிறார். தாஹிதித் தீவில் தன் குடிசைச் சுவர் முழுக்க ஸ்டிரிக்லண்ட் வரைந்த மகத்தான ஓவியம் அவன் சொல்லிவைத்தபடி எரிக்கப்படுகிறது. அதைக் கண்ணால் பார்த்த மருத்துவரோ திகைத்தேன், அஞ்சினேன் என்பதற்கு மேல் சொல்லத் திணறுகிறார். மாம் திறமையான கதைக்காரர். காட்ட முடியாததைத் தீயிலிட்டுவிட்டால் காட்டவேண்டிய கடன் தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு பேரை நோகடித்துவிட்டு இந்த ஆள் எதைப் படைத்தான் என்ற கேள்விக்கு, மேதை என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாகக் கிடைக்கிறது.

அதே சிக்கலை 1831இலேயே பால்சாக் நேருக்கு நேர் எதிர்கொண்டார். ‘அறியப்படாத பேரோவியம்’ என்ற அவருடைய சிறுகதையில் பிரென்ஹோஃபர் என்ற கிழவர் பத்து வருடமாக ஒரு பெண்ணின் ஓவியத்தை யாருக்கும் காட்டாமல் திருத்திக்கொண்டே இருக்கிறார். கடைசியில் திரை விலகுகிறது. பார்க்க வந்த இரு ஓவியர்களுக்கும் தெரிவது குவியல்குவியலாக வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளும்தான். ஒரு மூலையில் மட்டும், அந்தக் குழப்பத்திலிருந்து தப்பித்ததுபோல, உயிருள்ள ஒரு பாதம் தெரிகிறது. அந்தப் பாதம்தான் கதையின் மொத்த பலம். பிரென்ஹோஃபரின் கை எவ்வளவு தேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. அதே கை திருத்தித் திருத்தி எதை அழித்தது என்பதற்கும் அதுவே சாட்சி. படைத்தவருக்கு முழுப் பெண்ணும் தெரிகிறாள், பார்ப்பவருக்கு ஒரு பாதம் மட்டும். எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு ஓவியருக்கும் தினசரிப் பிரச்சினை. அதனால்தான் செசான் தன்னை அந்தக் கிழவரோடு அடையாளப்படுத்திக்கொண்டார். பிக்காசோ அந்தக் கதையின் சிறப்புப் பதிப்புக்குப் படங்கள் தந்தார். நாற்பது ஐம்பது பக்கக் கதைதான்.

துப்பறியும் கதைகளில் இந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். டான் பிரவுனின் ‘டாவின்சி கோட்’ 2003இல் வந்து கோடிக்கணக்கில் விற்றது. லியொனார்டோவின் ‘கடைசி விருந்து’ ஓவியத்தில் ஏசுவின் பக்கத்தில் இருப்பது சீடர் யோவான் அல்ல, மரிய மகதலேனா என்பது அதன் முக்கியமான முடிச்சு. இப்படிச் சொல்வதற்கு அந்த ஓவியத்தை மட்டும் பார்த்தால் போதும். பிளாரன்சில் அக்காலத்தில் வரையப்பட்ட மற்ற விருந்துக் காட்சிகளையும் பார்த்தால் சொல்ல முடியாது. யோவானைத் தாடி மீசை இல்லாத இளைஞராக, பெண்மை கலந்த முகத்தோடு வரைவது அங்கே வழக்கம். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஏசு சொன்ன அந்தக் கணம் மேசை முழுக்க எப்படிப் பரவுகிறது, பன்னிரண்டு பேரும் மும்மூன்று பேராகப் பிரிந்து கைகளால் எப்படிப் பேசுகிறார்கள், ஈரச் சுண்ணாம்பில் விரைவாக வரையும் முறை பிடிக்காமல் லியொனார்டோ உலர்ந்த சுவரில் வரைந்ததால் அவர் காலத்திலேயே வண்ணம் எப்படி உதிரத் தொடங்கியது என்பதெல்லாம் கதையின் முடிச்சுக்கு வேண்டியிருக்கவில்லை. பூட்டைத் திறந்ததும் ஓவியத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த நாவல் லட்சக்கணக்கானவர்களை மிலான் நகருக்கும் லூவ்ருக்கும் அனுப்பிவைத்ததே, அதுவும் நன்மைதானே என்பார்கள். அனுப்பியது நல்லதுதான். ஆனால் அங்கே போய் எதைத் தேடவேண்டும் என்று சொல்லி அனுப்பியது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதோடு ஒரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலை வைத்துப் பாருங்கள். ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு தமிழில் கொண்டுவந்திருக்கிறது. 1591இன் இஸ்தான்புல், சுல்தானுக்காக ரகசியமாகத் தயாராகும் ஒரு சுவடி, அதில் வேலை செய்த நுண்ணோவியர் ஒருவரின் கொலை. இதுவும் மர்மக் கதைதான், பிணத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் துப்பு எது? செத்தவரிடம் கிடைத்த குதிரை ஓவியத்தில் மூக்குத் துவாரம் வழக்கத்துக்கு மாறாக வரையப்பட்டிருக்கிறது. கொலையாளியைப் பிடிக்கவேண்டுமானால் ஓவியர்களைக் குதிரை வரையச் சொல்லி, ஏட்டுக்கு ஏடு புரட்டி, இந்த மூக்கு எந்தக் கையிலிருந்து, எந்தப் பழைய குருவின் வழியிலிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். பழைய ஆசான்களை அச்சு மாறாமல் திரும்பச் செய்வதே உயர்ந்தது, தனிநடை என்பதே ஒரு குறை என்று நம்புகிற மரபு அது. வெனிஸ் நகர ஓவியர்களோ தனிமனிதர் முகத்தை அவரவர் சாயலோடு வரைந்து கையெழுத்தும் போடுகிறார்கள். கொலைக்குக் காரணமும் இந்தச் சண்டைதான், கொலையாளியைக் காட்டிக்கொடுப்பதும் இதுதான். கதையின் பரபரப்பை விட்டுக்கொடுக்காமலேயே பாமுக் வாசகரை நுண்ணோவியம் பார்க்கப் பழக்கிவிடுகிறார். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பாரசீக ஓவியத்தையோ முகலாய ஓவியத்தையோ பார்ப்பவர் முதலில் குதிரையின் மூக்கைத்தான் தேடுவார். ஆகவே, விறுவிறுப்பான புத்தகங்களுக்கு இந்த அளவுகோல் எதிரி என்ற வாதம் நிற்காது.

வரலாற்று உண்மை என்கிற அளவுகோலையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ட்ரேசி ஷெவலியர் 1999இல் எழுதிய ‘கேர்ள் வித் எ பேர்ல் இயரிங்’ நாவலில் வரும் கிரீட் என்ற வேலைக்காரப் பெண் முழுக்கக் கற்பனை. வெர்மீர் ஏறத்தாழ 1665இல் வரைந்த அந்த ஓவியத்தில் இருப்பவள் யார் என்று எவருக்கும் தெரியாது. சான்றில்லாத கதையை ஓவியத்தின்மேல் ஏற்றிவிட்டார் என்று குறைசொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண் கதை முழுக்க என்ன செய்கிறாள் என்று பாருங்கள். முதல் காட்சியிலேயே நறுக்கிய காய்களை நிறம் நிறமாகப் பிரித்து வட்டமாக அடுக்குகிறாள். ஆரஞ்சு நிறக் காயையும் ஊதா நிறக் காயையும் தள்ளித்தள்ளி வைக்கிறாள், பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று அடித்துவிடும் என்று அவள் கண்ணுக்குத் தெரிகிறது. ஓவிய அறையைத் துடைக்கும்போது மேசைப் பொருள் ஒன்றுகூட இடம் மாறக்கூடாது என்பதால் கைவிரல்களால் தூரம் அளந்து வைத்துக்கொள்கிறாள். மேகம் வெள்ளை என்று சொன்னவள், மேலும் பார் என்று எஜமானர் சொல்லவும் அதில் நீலமும் மஞ்சளும் இருப்பதைக் கண்டுகொள்கிறாள். பொருளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிறத்தை அடியில் பூசி, அது காய்ந்த பிறகு உரிய நிறத்தை வெர்மீர் மேலேற்றுவதைப் பார்த்து வியக்கிறாள். ஆள் கற்பனை, பார்வை நிஜம். இதற்கு நேர்மாறாக, ஸ்டீவன் நைஃபேயும் கிரிகோரி ஒயிட் ஸ்மித்தும் 2011இல் வெளியிட்ட பெரிய வான்கோ வரலாறு ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சியில் விளைந்தது. ஆனால் அவர் தன்னைச் சுட்டுக்கொள்ளவில்லை, ஊர்ப் பையன்கள் யாரோ சுட்டிருக்கலாம் என்ற ஒரு ஊகம்தான் எங்கும் பேசப்பட்டது. அந்த நூலில் ஓவியங்களைப் பற்றி இருந்தவற்றை மதிப்புரைகள் கடந்து போய்விட்டன. இதில் குற்றம் நூலைவிட மதிப்புரைகளின்மேல்தான் அதிகம்.

தமிழுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. புதுமைப்பித்தன் 1930களிலேயே ‘சிற்பியின் நரகம்’ எழுதிவிட்டார். காவிரிப்பூம்பட்டினத்துச் சிற்பி சாத்தன் ஆயுள் உழைப்பையெல்லாம் கொட்டி நடராசர் சிலை செய்கிறான். கனவில் அது கோயிலுக்குள் இருக்கிறது. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், நூற்றாண்டுகளாக வருகிறார்கள், எல்லோரும் மோட்சம் கேட்கிறார்கள். ஒருவராவது சிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாத்தனின் நரகம் அதுதான். கலைஞனின் வாழ்க்கையைத் தொழுது, அவன் செய்த பொருளைக் கண்ணெடுத்தும் பார்க்காத புத்தகங்களுக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் எழுதப்படவில்லை. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலில் அஜந்தா வர்ணம் எப்படி அழியாமல் நிற்கிறது என்ற ரகசியம் ஆயனச் சிற்பியைப் பிடித்து ஆட்டுகிறது. அந்த ஆசையைப் பயன்படுத்தித்தான் அவரை வேண்டிய பக்கம் திருப்புகிறார்கள். தொழில் சார்ந்த ஒரு கேள்வி கதையை நகர்த்துவது அரிது, கல்கி அதைச் செய்தார். பிறகு காதலும் போரும் வந்து கல்லையும் உளியையும் பின்னுக்குத் தள்ளிவிட்டன என்பதும் உண்மை. இசையில் நாம் இவ்வளவு விட்டுக்கொடுப்பதில்லை. ‘மோகமுள்’ளில் ரங்கண்ணாவிடம் பாபு பாடம் கேட்கும் பக்கங்களில் சுருதி நம் காதில் விழாமல் போயிருந்தால் அந்த நாவலை இத்தனை காலம் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்போமா? பாடகரைப் பற்றிய கதையில் பாட்டு கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள், ஓவியரைப் பற்றிய கதையில் ஓவியம் தெரியாவிட்டால் மட்டும் ஏன் கேட்காமல் விடுகிறோம்?

ஓவியம், சிற்பம் பற்றி நுணுக்கமாக எழுதினால் பொதுவாசகர் படிக்கமாட்டார் என்பது கடைசியாக வருகிற ஆட்சேபம். இதற்குப் பதில் நம் பத்திரிகை வரலாற்றிலேயே இருக்கிறது. ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற தலைப்பில் கோயில் சிற்பங்களைச் சில்பி என்ற ஓவியர் நேரில் போய் உட்கார்ந்து வரைந்தார். தேவன் குறிப்பு எழுதினார். அதை வாங்கிப் படித்தவர்கள் கலைக்கல்லூரி மாணவர்கள் அல்ல, சிரிப்புத் துணுக்குக்கும் தொடர்கதைக்கும் அதே இதழைப் புரட்டிய குடும்பங்கள். கல்லில் நகை எப்படிப் படிகிறது, விரல் எங்கே மடிகிறது என்று கோடுகோடாகக் காட்டியதால் அவர்கள் பார்த்தார்கள். இன்று கைப்பேசியில் எந்த ஓவியமும் ஒரு நொடியில் வந்துவிடும், ஆகவே புத்தகம் காட்டவேண்டியதில்லை என்று சொல்வதும் இதே இடத்தில் அடிபடுகிறது. சில்பி வரைந்த சிலைகள் அந்த வாசகர்கள் வருடாவருடம் சுற்றிவந்த பிரகாரங்களிலேயேதான் நின்றிருந்தன. கண்ணெதிரே இருப்பது ஒன்று, எங்கே பார்ப்பது என்று தெரிவது வேறு. ஓவியர் ராமானுஜத்தின் வாழ்க்கையைக் கொண்டு சி. மோகன் எழுதிய ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ போல, கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டல் கிராமத்து ஓவியர்களைப் பற்றித் தமிழில் இன்னும் நாவல்கள் வரட்டும், வரலாறுகளும் வரட்டும். அவற்றுக்கு மதிப்புரை எழுத உட்காருகிறவர், ஓவியரின் ஓவியங்களில் நாலைந்தையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும். எந்தப் பக்கத்தில் புத்தகம் அந்த ஓவியத்துக்குள் நம்மை அழைத்துப்போகிறது, எந்தப் பக்கத்தில் ஓவியரின் குடியையும் காதலையும் சொல்லி நழுவுகிறது என்று பக்க எண்ணோடு சொல்லவேண்டும். வண்ணப் படங்கள் இல்லாமல் வெளியிட்டிருந்தால் அதையும் குறையாக எழுதவேண்டும். ஓவியத்தின் அகலம், உயரம், எதில் வரைந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் விடுபட்டிருந்தால் அதையும்தான்.